மில்லிவோல்ட்

பாட்டிலைக் கொண்டுவந்தவர் மாதையன்,
கூச்சனூர் ஊராட்சியின் மோட்டார் ஆபரேட்டர்.
பென்னாகரத்திலிருந்து தருமபுரி வரை
மடியில் வைத்தே வந்திருக்கிறார்.
மூடிக்கு மேல் பாலிதீன், அதற்கு மேல் ரப்பர் பேண்டு.
"புது போரு மேடம். எண்ணூத்தி அம்பது அடி.
தண்ணி கல்கண்டாட்டம் இருக்குது."

பிளாஸ்டிக் பீக்கரில் பாதி தண்ணீர், பாதி கரைசல்.
கண்ணாடி ஆகாது;
புளோரைடு கண்ணாடியிடமும் உறவு கொண்டாடும்.
காந்தக் குச்சி சுழல்கிறது.
மின்முனையின் நுனியில் வில்லையாக ஒரு படிகம்.
அதற்கு வெளியே கூச்சனூர்,
உள்ளே கம்பெனியில் அளந்து அடைத்த கரைசல்.
இரண்டுக்கும் நடுவே எவ்வளவு வித்தியாசமோ
அவ்வளவுதான் படிகத்துக்குப் பேச்சு.
இருபுறமும் ஒன்றேயானால் அது வாய் திறக்காது.

காலையில் தெரிந்த கரைசல்களை வைத்துப் பார்த்திருந்தேன்:
லிட்டருக்கு ஒரு மில்லிகிராம், நூறு மில்லிவோல்ட்.
பத்து மில்லிகிராம், நாற்பத்திரண்டு.
பத்து மடங்கு ஏறினால் ஐம்பத்தெட்டு இறக்கம்.
நூறு மடங்குக்கு இன்னொரு ஐம்பத்தெட்டு, அவ்வளவே.
துக்கம் சொல்ல வந்தவர்
குரலைத் தணித்துக்கொள்வதுபோல.

எண்கள் இறங்கத் தொடங்கின.
நூற்றுப் பன்னிரண்டு. தொண்ணூற்றாறு. எண்பது.
என் தோளுக்குப் பின்னால் நின்று
சர்க்கரை ரிப்போர்ட் பார்ப்பவரைப் போல மாதையன்,
"குறையுது மேடம், நல்லா குறையுது."
எழுபத்தொன்றில் நின்றது.
அவர் சிரித்தார்.
மேல்வரிசை முழுக்கப் பழுப்புக் கோடுகள்.
அவர் கை சும்மா தொங்கியது;
என் கைதான் என் வாய்க்குப் போனது.

பதினேழு வயது வரை எனக்கு அது தெரியாது.
எங்கள் தெருவில் எல்லார் பல்லும் ஒரே நிறம்.
பத்தாம் வகுப்புப் படத்தில் ஐம்பத்தாறு பேரும்
வாய் கொள்ளாமல் சிரிக்கிறோம்.
ஒரே செறிவு. முள் அசையவில்லை.
கோயம்புத்தூரில் விடுதி மெஸ், முதல் நாள் இரவு,
எதிரே உட்கார்ந்த ஒருத்தி
"வெத்தலை போடுவியா?" என்றாள்.
கேலி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.
ரசம் ஆறும் வரை நான் பதில் சொல்லவில்லை.
அதன்பின் மூன்று வருடமும்
உள்ளங்கைக்குப் பின்னால்தான் சிரிப்பு.
நெர்ன்ஸ்ட் சமன்பாடு பற்றிய பதினாறு மதிப்பெண் வினாவில்
பதினாறும் வாங்கினேன்.

"மேடம்?"

நூறுக்கும் நாற்பத்திரண்டுக்கும் சரிபாதி, எழுபத்தொன்று.
ஆனால் ஒன்றுக்கும் பத்துக்கும் சரிபாதி இல்லை இந்தத் தண்ணீர்;
மடக்கை அப்படிப் பாகம் பிரிக்காது.
மூன்று புள்ளி இரண்டு.
ஒன்றரைக்கு மேல் குடிக்கக் கூடாது.

"அண்ணா, இந்த மெஷின்ல குறைஞ்சா கூடுதல்."
"குறைஞ்சா... கூடுதலா?"
"ஆமா."
திரையைப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார்.
அடிக்கு எவ்வளவு, எண்ணூற்று ஐம்பது அடிக்கு எவ்வளவு என்று
உதடு அசையக் கணக்குப் போட்டார்.
"கொதிக்க வெச்சா போயிருமா?"
போகாது. தண்ணீர்தான் ஆவியாகும்;
அடியில் மிஞ்சுவது இன்னும் அடர்த்தி,
அதை அளந்தால் எண் இன்னும் கீழே.

"போர்டு மாட்டுங்க. துணி துவைக்கலாம், பாத்திரம் கழுவலாம்.
குடிக்க ஒகேனக்கல் தண்ணி."
"அது நாலு நாளைக்கு ஒருக்கா வருது மேடம்."

பதிவேட்டில் 3.2 என்று எழுதினேன்.
மின்முனையை வாலைவடி நீரில் கழுவ
எண் ஏறியது, இருநூறு, இருநூற்று இருபது.
யாரும் குடிக்காத நீரில்
அதற்குக் குரல் எடுக்கிறது.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினார்.
"ஏன் மேடம், உங்களுக்கு எந்த ஊரு?"
சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
கை பாதி தூரம் வந்து
நின்றது.